செல்லத்தாய் வீட்டு வெள்ளைச் சீட்டு

செல்லத்தாயக்காவிடம் போய் ‘அவசரம்’ என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் காதில் விழாத மாதிரி நிற்பார். காரியாபட்டியிலிருந்து நோட்டீஸ் அடிக்க வந்த ஒருவர், “ரொம்ப அவசரம்மா, உயிர் போற அவசரம்” என்று கால் மணி நேரம் புலம்பிவிட்டு மூச்சு வாங்கியபோது, அக்கா நிதானமாகக் கேட்டார்: “எந்த லாரி? எத்தனை மணி?” அவர் தலையைச் சொறிந்து யோசித்துவிட்டு, அடுத்த வாரம் எப்போது கிடைத்தாலும் போதும் என்று ஒப்புக்கொண்டார். அக்கா அவர் வேலைக்கு ஒரு வெள்ளைச் சீட்டை எடுத்து ஆணியில் மாட்டினார்.

எங்கள் அப்பா முத்துக்கிருஷ்ணன் சிவகாசியில் அச்சகம் நடத்துகிறார். ஆப்செட் மெஷின் நான்கு. நான்கும் ஓடினால் பக்கத்தில் நிற்பவரிடம் பேசக் கத்தித்தான் ஆக வேண்டும். நான்கும் நின்றாலும் அப்பா கத்துவார். அந்தக் குணம் எனக்கும் கொஞ்சம் வந்திருக்கிறது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். என் பெயர் கீர்த்திகா. பக்கத்து ஊர் பொறியியல் கல்லூரியில் கணினிப் பாடம் நடத்துகிறேன்.

என் ஆராய்ச்சியைப் பற்றி வீட்டில் யாராவது கேட்டால் எனக்குச் சந்தோஷம் தாங்காது, ஏனென்றால் யாரும் கேட்பதில்லை. இங்கே நானே சொல்லிக்கொள்கிறேன். ஒரு காருக்குள் பல செயலிகள், அதாவது குட்டிக் கணினி மூளைகள், ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. பிரேக்கை அழுத்தினால் அந்தக் கணமே பிடிக்க வேண்டும். கண்ணாடியைத் துடைக்கிற வேலை கொஞ்சம் பொறுக்கும். பாட்டுப் போடுகிற வேலை எவ்வளவு நேரமும் பொறுக்கும். இப்படிக் குறித்த நேரத்துக்குள் முடிந்தே தீர வேண்டிய வேலைகளை, எதற்கு முன் எது, எந்தச் செயலியில் எது என்று பிரித்துக் கொடுப்பதற்கு ஒரு முறை வேண்டும். அதைத்தான் ஐந்து வருடம் படித்து டாக்டர் பட்டம் வாங்கினேன். செல்லத்தாயக்கா ஒன்பதாம் வகுப்போடு நின்றவர். அதையேதான் அவர் ஒரு பலகையில் ஆணி அடித்துச் செய்துகொண்டிருக்கிறார்.

அவர் வெம்பக்கோட்டைப் பக்கம் பிறந்தவர். வானம் பார்த்த பூமியில் கூலிக்குக் களை எடுத்த குடும்பம். முனியராஜைக் கல்யாணம் முடித்து சிவகாசிக்கு வந்த மூன்றாவது மாதம், எங்கள் அச்சகத்தில் தாள் மடிக்கச் சேர்ந்தார். அப்போதெல்லாம் எங்கள் அச்சகத்தில் முறை என்ற ஒன்று கிடையாது. எந்தப் பார்ட்டி வந்து அதிகமாகச் சத்தம் போடுகிறாரோ, அவர் வேலைக்கு மெஷின் கிடைக்கும். ஒரு காலண்டர் சீசனில், சத்தம் போடத் தெரியாத ஒரு சாதுவான வாத்தியார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை, கல்யாணத்துக்கு மறுநாள் அச்சாகி வந்தது. அந்த மனிதர் கோபப்படக்கூட இல்லை, பத்திரிகைக் கட்டை வாங்கிக்கொண்டு போனார். மடிப்பு மேஜையிலிருந்து அதைப் பார்த்த அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் காலையில் வீட்டிலிருந்து ஒரு பழைய கட்டில் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு மெஷினுக்கு ஒரு வரிசை ஆணி, தாளை வெட்டி மடிப்புக் கோடு போடும் பஞ்சிங் மெஷினுக்கு ஒரு வரிசை, பைண்டிங்குக்கு ஒரு வரிசை. மூன்று நிறத்தில் சீட்டு.

“நேரம் தப்புனா குப்பைக்குப் போற வேலைன்னா சிவப்பு, மொதலாளி. கல்யாணப் பத்திரிகை மறுநா வந்தா வடை மடிக்கத்தான் ஆகும். நேரம் தப்புனா ஏச்சு வாங்குற வேலைன்னா மஞ்சள். காலண்டர் ரெண்டு நாள் பிந்துனா நாலு வார்த்தை ஏசுவாக, ஆனா வாங்கிக்கிருவாக. எப்ப வந்தாலும் சரின்னா வெள்ளை.”

அப்பா அன்றைக்கும் கத்தினார். ஆனால் பலகையை எடுக்கச் சொல்லவில்லை. அது ஆகிவிட்டது பத்தொன்பது வருடம். அந்தப் பத்தொன்பது வருடத்தில் சிவப்புச் சீட்டு மாட்டிய ஒரு வேலைகூட நேரம் தப்பியதில்லை. பாதி அடித்த வேலையை ஒரு மெஷினிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்றினால் நிறம் மாறும், அரை நாள் வீணாகும் என்பதால் அதை லேசில் செய்ய மாட்டார். ஆனால் சிவப்பு வந்து நின்றால் மஞ்சளை இறக்கத் தயங்கவும் மாட்டார். அப்பாவின் சொந்த மச்சான் வேலையையே இறக்கியிருக்கிறார்.

எங்கள் அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேலை செய்கிறவர்கள் வீட்டில் கல்யாணம், காதுகுத்து, பால்காய்ச்சு எது வந்தாலும் பத்திரிகை இலவசமாக அச்சடித்துக் கொடுப்போம். மிச்சத் தாளில், மெஷின் சும்மா இருக்கிற நேரத்தில். ‘வீட்டு வேலை’ என்று அதற்குப் பெயர். வீட்டு வேலைக்கு எப்போதும் வெள்ளைச் சீட்டுதான். இலவசமாக வருகிறது, அதற்குச் சிவப்பு கேட்பது அழகில்லை என்பது அக்காவின் கணக்கு. மற்றவர்கள் வீட்டு வேலை என்றால், நாள் நெருங்கும்போது எப்படியாவது சந்து கண்டுபிடித்து நுழைத்துவிடுவார். தன் வீட்டு வேலை இதுவரைக்கும் வந்ததே இல்லை.

இந்த ஆவணியில் வந்தது. மகள் சினேகாவுக்கும், விஸ்வநத்தம் பட்டாசு ஆலையில் சங்குச்சக்கரம் செய்கிற பிரிவில் வேலை பார்க்கும் மாரிக்கண்ணனுக்கும் கல்யாணம். சினேகா சும்மா இருக்கிற பெண்ணா? பத்திரிகையே சங்குச்சக்கரம் மாதிரி வட்டமாக இருக்க வேண்டும் என்றாள். இரண்டு வட்ட அட்டை, நடுவில் ஒரு சின்ன உலோகக் குமிழ். மேல் அட்டையில் ஒரு ஜன்னல். சுற்றினால் ஜன்னலில் மாப்பிள்ளை பேர், பொண்ணு பேர், நாள், மண்டபம் என்று ஒவ்வொன்றாக வரும். அறுநூறு பத்திரிகை. திங்கட்கிழமையே அச்சாகிவிட்டது. அட்டையை வட்டமாக வெட்டப் பஞ்சிங் மெஷினில் டையையும் ஏற்றிவிட்டார்கள். டை என்பது வெட்ட வேண்டிய வடிவத்தில் கத்தித் தகடு பதித்த பலகை.

அந்த வியாழக்கிழமை எனக்குக் கல்லூரி விடுமுறை. பகல் பதினோரு மணிக்கு அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். கேட்டுக்கு வெளியிலேயே அவர் குரல் கேட்டது.

“நாளைக்கு நாலு மணிக்கு லோடு போகணும். பெட்டி இன்னும் தாளாவே கெடக்கு. என்ன செஞ்சுட்டு இருக்கீக எல்லாரும்?”

பெட்டி என்றால் தீபாவளிக் கிப்ட் பெட்டி. ஒரு பட்டாசு கம்பெனியின் ஆர்டர், எட்டாயிரம் தாள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். சனிக்கிழமை காலையில் அங்கே அத்தனை பேரும் பட்டாசை அதில் அடுக்க உட்கார்ந்துவிடுவார்கள். பெட்டி இல்லையென்றால் அவ்வளவு பேரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். சிவப்பிலும் சிவப்பான வேலை. புதன்கிழமை காலையிலேயே நான்கு மெஷினிலும் அச்சாகி, காய்ந்து, வெட்டுக்காக அடுக்கு அடுக்காக நிற்கிறது. பஞ்சிங் மெஷின் ஒன்றே ஒன்றுதான். அது காலியாகவில்லை.

“இங்க பாரு தாயி,” என்றார் அப்பா, கொஞ்சம் குரலை இறக்கி. அப்பா குரலை இறக்கினால்தான் பயப்பட வேண்டும். “நாளைக்கு லோடு போகலேன்னா, சனிக்கிழமையிலிருந்து பலகையை ஹரி பாத்துக்கிரட்டும். நீ மடிப்புக்கே போயிரு.”

ஹரிபிரசாத் என் தம்பி. நல்ல பையன், லேப்டாப் வைத்திருக்கிறான், ஆனால் யார் வந்து அவசரம் என்றாலும் நம்பிவிடுவான். அவன் கையில் பலகை போனால் பழையபடி சத்தம் போடுகிறவர்கள் ராஜ்ஜியம்தான். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தபடி நின்றார். முகம் சுண்டிப்போயிருந்தது.

பஞ்சிங் மெஷின் இருக்கும் மூலைக்குப் போனேன். மெஷின் நின்றுகொண்டிருந்தது, ஆளைக் காணோம். அதை ஓட்டுகிற கோட்டைச்சாமி அண்ணன் பின்கட்டில் நோட்டு அட்டைகளைக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணே, பஞ்சிங் மெஷின் ஏன் சும்மா நிக்குது?”

“சும்மா நிக்கலயே. டை ஏறியிருக்கு.”

“ஓடலையே?”

“நான் இங்கன இருக்கேன், அது அங்கன எப்படி ஓடும்?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “ஏன் இங்கன இருக்கீங்கன்னுதான் கேக்கேன்.”

“செல்லத்தாயி தங்கச்சிதான் அனுப்புச்சு. இது மஞ்சச் சீட்டு. அங்க ஏறியிருக்கிறது வெள்ளை. திங்கக்கிழமை ரெண்டு தாள் வெட்டிப் பாத்தேன், உடனே ஒரு மஞ்சள் வந்துருச்சு, கூப்ட்டுருச்சு. செவ்வாக்கிழமை போய் நின்னேன், இன்னொரு மஞ்சள். நேத்தும் அப்படித்தான்.”

“அது யார் வேலைண்ணே?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “சினேகா புள்ள பத்திரிகை. அதைப் போயி தங்கச்சிட்ட கேக்காதீக. அது பேரைச் சொன்னாலே கூச்சப்படுது.”

நான் அந்த அட்டைக் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆறு வருடமாக வகுப்பில் கரும்பலகையில் நான் வரைகிற படம் இது. கடைசி வரிசை வேலை ஒன்று, எல்லோருக்கும் பொதுவான, இந்தப் பஞ்சிங் மெஷின் மாதிரி ஒரு பொருளைக் கையில் பிடித்துக்கொள்கிறது. நடு வரிசை வேலைகள் வந்து வந்து அதை ஓட விடாமல் தள்ளுகின்றன. அது ஓடினால்தான் பொருளை விடும். அந்தப் பொருளுக்காக முதல் வரிசை வேலை வாசலில் நிற்கிறது. ஆக, எல்லோரும் விதிப்படி நடக்கிறார்கள், முதல் வரிசை வேலை கடைசியாகிவிடுகிறது. செவ்வாய்க் கிரகத்துக்குப் போன ஒரு விண்கலமே இந்தச் சிக்கலில் மாட்டித் திரும்பத் திரும்பத் தன்னை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டது. அதைக் கதை மாதிரி வருடா வருடம் சொல்லுவேன், பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அந்தச் சிக்கல் எங்கள் அப்பா அச்சகத்தில் நான்கு நாளாக நிற்கிறது, எனக்குத் தெரியவில்லை.

அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து சொன்னேன். பாதி சொல்வதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது.

“அப்ப நாந்தான் வழியை அடைச்சுக்கிட்டு நிக்கிறேனா?” என்றார். “கீர்த்திம்மா, நெசமாத்தான் சொல்றீகளா? அந்தச் சீட்டைப் பாக்கவே எனக்கு வெக்கமா இருக்கும். கண்ணு அந்த ஆணிப் பக்கமே போகாது.” பிறகு கோட்டைச்சாமி அண்ணனிடம் திரும்பினார். “அண்ணே, எங்க வீட்டு டையை இறக்கிருங்க. பெட்டி டையை ஏத்துங்க.”

“அது நடக்காது தாயி.”

“ஏன் நடக்காது?”

“எலுமிச்சம்பழம் அறுத்து ஏத்துன டை. வேலை முடியாம நான் எறக்குனதே கெடையாது. அதுவும் கல்யாண டை. நல்ல காரியத்தைப் பாதியில எறக்கச் சொல்றியே, நீ பெத்த தாயா, யாரு?” சாமி விஷயம் போக, இன்னொரு நியாயமும் வைத்திருந்தார். இறக்கித் திரும்ப ஏற்றினால் வட்டமும் ஜன்னலும் நூல் பிசகும், அறுநூறும் குப்பை. “ஓட்டச் சொல்லு, முக்கா மணி நேரத்துல வெட்டித் தாரேன்.”

“அம்புட்டுத்தானேக்கா, ஓட்டிரலாம்,” என்றேன்.

அக்கா தலையை ஆட்டினார். “ரெண்டு மஞ்சள் வரிசையில நிக்குது. அதுகளுக்கு முன்னால எங்க வீட்டு வெள்ளையை ஓட்டுனா, நாளைக்கு இந்தப் பலகை சொல்றதை யாரு கேப்பாக? செல்லத்தாயி தன் மகளுக்குன்னா வரிசையை மாத்திருவான்னு ஆயிரும்.”

என் பொறுமை அத்தோடு போய்விட்டது. “நாளைக்கு உங்க கையில பலகையே இருக்காதுக்கா. ஹரி வந்து உக்காந்திருப்பான்.”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா கோபப்படவில்லை. பலகைக்கு முன்னால் போனார். பெட்டி வேலையின் சிவப்புச் சீட்டைக் கையில் எடுத்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் தன் வீட்டு வேலையின் வெள்ளைச் சீட்டையும் கழற்றி, விறுவிறுவென்று பஞ்சிங் மெஷினுக்கு நடந்து, வெள்ளைக்கு மேல் அந்தச் சிவப்பைக் கட்டி மெஷினில் தொங்கவிட்டார்.

“இது எங்க வீட்டுச் சிவப்பு இல்ல, பெட்டிச் சிவப்பு,” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். “இந்த வேலை வழியில கெடக்கு. வழியில கெடக்கிறதைத் தள்ளி விடுறதும் பெட்டி வேலைதான். அண்ணே, அட்டைக் கட்டை விட்டுட்டு வாங்க. டை எறங்குற வரைக்கும் உங்களை எந்த மஞ்சளும் கூப்பிடாது.”

நான் வாயைப் பிளந்து நின்றேன். முன்னுரிமையை இரவல் கொடுப்பது என்று இதற்குத்தான் எங்கள் பாடத்தில் பேர். அடைத்துக்கொண்டு நிற்கிற சின்ன வேலைக்கு, காத்து நிற்கிற பெரிய வேலை தன் இடத்தைக் கொஞ்ச நேரத்துக்குக் கொடுக்கிறது. புத்தகத்தில் இதற்குப் பதினொரு பக்க நிரூபணம் இருக்கிறது. நானே அதை அக்காவிடம் சொல்லலாம் என்று வாயைத் திறந்திருந்தேன், அதற்குள் முடிச்சுப் போட்டுவிட்டார்.

கோட்டைச்சாமி அண்ணன் சொன்னது சொன்னபடி முக்கால் மணி நேரத்தில் வெட்டி முடித்தார். கடைசி வட்டம் விழுந்து டை இறங்கிய கையோடு அக்கா வந்து சிவப்பை அவிழ்த்தார்.

“இன்னும் ரெண்டு நிமிசம் இருந்துட்டுப் போகட்டுமே தாயி, பாக்க அழகா இருக்கு,” என்றார் அண்ணன்.

“டை எறங்கிருச்சுல்ல? இரவல் வாங்குனதை வச்சுக்கிரக் கூடாது.”

சிவப்பு பெட்டி வேலைக்குத் திரும்பிப் போனது. வட்ட அட்டைகள் வெள்ளைச் சீட்டோடு பைண்டிங் வரிசையின் கடைசி ஆணிக்குப் போயின. அறுநூறுக்கும் நடுவில் குமிழ் அடிக்கிற வேலை பாக்கி இருந்தது, அது கையால் செய்கிற வேலை. எனக்கு எரிச்சல் வந்தது. இத்தனை நடந்தும் கடைசி ஆணிதானா? ஆனால் பாடப்படி அவர் செய்ததுதான் சரி. அதனால் இன்னும் எரிச்சல் வந்தது.

பெட்டி டை ஏற மூன்று மணி நேரம் ஆனது. புது எலுமிச்சம்பழம் அறுத்தார்கள். வியாழன் இரவுச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் ஓட்டினார்கள், வெள்ளி காலை ஏழு மணிக்குத் திரும்ப ஆரம்பித்தார்கள். எனக்கு வகுப்பு இருந்தது. என் பிள்ளைகளிடம் அன்றைக்கு விண்கலத்தை விட்டுவிட்டுச் செல்லத்தாய் கதையைச் சொன்னேன். ஒருவன்கூடக் கொட்டாவி விடவில்லை. மதியம் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அச்சகத்துக்கு ஓடினேன்.

மூன்று மணிக்குக் கடைசிக் கட்டு மெஷினில் ஏறியது. மூன்று முப்பத்தைந்துக்கு வண்டி கேட்டைத் தாண்டியது. அக்கா சிவப்புச் சீட்டைக் கழற்றித் தகர டப்பாவில் போட்டார், அவ்வளவுதான் ஆர்ப்பாட்டம். பலகை அவரிடமே இருந்தது. அதைப் பற்றி அப்பாவும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. உடனே அடுத்த மஞ்சளைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்பா போகாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் நேற்றே நான் அவரிடம் மூச்சு விடாமல் சொல்லியிருந்தேன். பைண்டிங் வரிசையின் கடைசி ஆணியைப் பார்த்தார். செருமினார்.

“செல்லத்தாயி. இந்தப் பத்திரிகை வேலை, எந்த லாரி?”

அக்கா திரும்பிப் பார்த்தார். பத்தொன்பது வருடமாக மற்றவர்களைக் கேட்ட கேள்வி. அவரை யாரும் கேட்டதில்லை.

“அது வீட்டு வேலை மொதலாளி.”

“வீட்டு வேலையா, ரோட்டு வேலையான்னு நான் கேக்கல. எந்த லாரி? எத்தனை மணி?” அப்பா கத்தவில்லை.

அக்கா சீட்டுக் கட்டைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: “நாளைக்குக் காலையில ஆறரை மணி பஸ்சு, மொதலாளி. வெம்பக்கோட்டைக்கு. மொதப் பத்திரிகையைக் குலசாமிக்கு வச்சுட்டு, அங்கன இருந்தே சொந்தக்காரக வீடு வீடாப் போகணும். மாப்பிள்ளை வீட்லயும் நாளைக்குத்தான் கேட்டிருக்காக. கல்யாணத்துக்கு இன்னும் பதினேழு நாள்தான் இருக்கு.”

“நேரம் தப்புனா?”

“வடை மடிக்கத்தான் ஆகும்,” என்றார் அக்கா.

“அப்ப என்ன சீட்டு? நீயே சொல்லு.”

அவர் தகர டப்பாவைத் திறந்தார். சற்று முன் போட்ட சிவப்பே மேலாகக் கிடந்தது. அதை எடுத்து வெள்ளை இருந்த ஆணியில் கட்டும்போது முடிச்சு இரண்டு முறை நழுவியது, மூன்றாவது முறை விழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. பைண்டிங்கில் இருந்த முருகேஸ்வரி, “சிவப்பு வந்துருச்சு, எல்லாரும் மஞ்சளைக் கீழ வைங்கடி” என்று குரல் கொடுத்தாள். அத்தனை பெண்களும் வட்ட அட்டையோடு உட்கார்ந்தார்கள். கோட்டைச்சாமி அண்ணன் கேட்காமலே ஒரு சுத்தியலோடு வந்து அமர்ந்தார். ஐந்தரை மணிக்கு அறுநூறும் முடிந்தது.

எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். அப்பாவுக்கும் ஒன்று. அப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, மாப்பிள்ளை, பொண்ணு, நாள், மண்டபம் என்று ராத்திரி வரைக்கும் சுற்றிக்கொண்டே இருந்தார்.